கவிஞர் விட்டுச்சென்ற பெட்டிகள்: வீடா, காப்பகமா, பிறந்த ஊரா, இணையமா?

வெளிநாட்டில் குடியேறி வாழ்ந்த ஒரு கவிஞர் காலமாகிறார். ஓவியமும் வரைந்தவர். காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு வீட்டில் மிஞ்சியிருப்பவை: அலமாரிக்குப் பின்னால் சுருட்டி வைத்த கான்வாஸ்கள், பழப்பெட்டிகளில் கையெழுத்துப் பிரதிகள், எண்பதுகளில் ஒரு கவியரங்கில் பதிவான கேசட், கடவுச்சொல் யாருக்கும் தெரியாத மடிக்கணினி. வாடகை வீடாக இருந்தால் மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பல்கலைக்கழகத்துக்குக் கொடு, ஊருக்கு அனுப்பு, ஸ்கேன் பண்ணி இணையத்தில் போடு, எதையும் கைவிட்டுப் போகவிடாதே.

இப்படித் திகைத்து நின்ற மூன்று குடும்பங்களோடு உட்கார்ந்து பெட்டிகளைப் பிரித்து அடுக்கியிருக்கிறேன். மூன்று வீட்டிலும் இதே நான்கு யோசனைகள்தான் வந்தன. நான்கிலும் நியாயம் இருக்கிறது. நான்கிலும் வெளியே தெரியாத செலவும் இருக்கிறது.

இந்த நான்கு வழிகளையும் ஒரே ஆளின் கதையில் பார்க்க முடியும். கலீல் ஜிப்ரான் 1883இல் லெபனான் மலையில் உள்ள பிஷரி என்ற ஊரில் பிறந்தார். 1895இல் அம்மாவோடும் உடன்பிறந்தவர்களோடும் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தார். அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதினார், கடைசிவரை வரைந்தார். 1931 ஏப்ரல் 10 அன்று நியூயார்க்கில் 48 வயதில் இறந்தார். அவருடைய ‘தீர்க்கதரிசி’யைத் தமிழில் படித்து மனம் கரைந்தவர்கள் நம்மில் ஏராளம். அவர் விட்டுச்சென்ற ஓவியங்களும் கடிதங்களும் நூல் வருமானமும் எங்கெங்கே போயின என்பதை நான் அந்தப் புத்தகத்தைப் படித்துப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதன்பிறகு எந்தக் குடும்பம் யோசனை கேட்டாலும் முதலில் அந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

எதை வைத்து எடை போடுவது

இடத்தைத் தேடும் முன் ஐந்து கேள்விகள். 50 ஆண்டு கழித்தும் தாளும் துணியும் இருக்குமா? யார் வந்து பார்க்க முடியும், எந்த மொழியில் தேடினால் கிடைக்கும்? ஒரு கவிதையைப் பாடநூலில் சேர்க்கலாமா என்று யாராவது கேட்டால் ‘சரி’ சொல்லும் உரிமை யார் கையில்? இன்று ஆகும் செலவு எவ்வளவு, வருஷா வருஷம் எவ்வளவு? மனம் மாறினால் திரும்ப வாங்க முடியுமா?

மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தாள் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கும், அதில் உள்ளதை அச்சிடும் உரிமை இன்னொருவரிடம் இருக்கும். கவிஞர் உங்களுக்கு எழுதிய கடிதம் உங்களுடையது. அதைப் புத்தகத்தில் போடும் உரிமை அவருடைய வாரிசுகளுக்கு. ஓவியத்தை விலை கொடுத்து வாங்கியவருக்கும் அதை அட்டைப்படமாகப் போடும் உரிமை தானாக வந்துவிடாது. இந்தப் பதிப்புரிமை இந்தியாவில் ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டு, இலங்கையிலும் பிரிட்டனிலும் 70 ஆண்டு. கனடாவில் 50ஆக இருந்தது 2022 கடைசியில் 70 ஆனது. ஆக, இது பேரப்பிள்ளைகள் காலம்வரை நீளும் விஷயம்.

வீட்டிலேயே வைத்திருப்பது

படத்தில் இருக்கும் பெண் யார், கவிதையில் வரும் ‘ஆற்றங்கரை’ எந்த ஆறு, இந்தக் கிறுக்கல் எந்த வருஷத்துக் கையெழுத்து என்று சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். அதனால் முதல் ஓரிரு வருஷம் பெட்டிகள் வீட்டில் இருப்பது நல்லது. துக்கத்தின் நடுவில் எதையும் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம்.

ஆபத்து, எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பதில்தான். 1904இல் ஜிப்ரானின் முதல் ஓவியக் கண்காட்சி பாஸ்டனில் ஃபிரெட் ஹாலண்ட் டே என்ற புகைப்படக் கலைஞரின் ஸ்டுடியோவில் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்தக் கட்டடம் தீப்பிடித்து, அங்கே இருந்த ஜிப்ரானின் ஆரம்பகால ஓவியங்கள் எரிந்துபோயின. நம் வீடுகளில் தீயைவிட ஈரம்தான் பெரிய எதிரி. குளிர் நாடுகளில் பெட்டிகளை நிலவறையில் இறக்கிவிடுகிறோம். குழாய் ஒன்று உடைந்தால் அதோடு முடிந்தது. ஊரிலென்றால் கரையானும் இராமபாணப் பூச்சியும்.

இன்னொரு ஆபத்து, பொறுப்பு ஒரே ஆளின் மனதில் இருப்பது. ஜிப்ரானை இளம் வயதிலிருந்து தாங்கிப்பிடித்த மேரி ஹாஸ்கல், அவர் இறந்தபின் நியூயார்க் ஸ்டுடியோவுக்குப் போனார். 23 ஆண்டுகளாகத் தான் எழுதிய கடிதங்களை ஜிப்ரான் பத்திரமாக வைத்திருந்ததைக் கண்டார். ஜிப்ரானின் கடைசிக் காலத்தில் உடனிருந்த பார்பரா யங், அவற்றை எரித்துவிடச் சொன்னார். மேரி முதலில் சரி என்றுதான் சொன்னார். பிறகு மனம் கேட்கவில்லை, வைத்துக்கொண்டார். இன்று ஜிப்ரானைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்தக் கடிதங்களிலிருந்து வந்தது. ஒருவர் மனம் மாறியதால் தப்பியது அது.

வீட்டில் வைப்பதற்குச் செலவே இல்லை என்று தோன்றும். இடம் போதாமல் வாடகைக் கிடங்கு எடுத்த ஒரு குடும்பம் ஐந்து வருஷம் மாதாமாதம் பணம் கட்டியது. அந்தத் தொகையில் எல்லாவற்றையும் இரண்டு தடவை ஸ்கேன் பண்ணியிருக்கலாம். அறக்கட்டளை பதிவு செய்தாலும் ஆண்டுக் கணக்கு, தணிக்கை, கூட்டம் என்று வேலை தொடரும். நூல் வருமானம் வந்துகொண்டிருந்தால் அறக்கட்டளை பொருந்தும். வருமானம் இல்லாத இடத்தில் அது இரண்டு பேரின் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்னும் வேலை.

வைத்திருக்கும்வரை செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். குண்டூசி, ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கிழிந்ததை செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். அமிலமில்லாத அட்டைப் பெட்டியில், வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறையில் வையுங்கள். கான்வாஸைச் சுருட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வண்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்கட்டும்.

குடியேறிய நாட்டின் காப்பகம், அருங்காட்சியகம்

மேரி காப்பாற்றிய அறுநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் வட கரோலினாப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போயின. 1964இல் இறப்பதற்கு முன்பே அவர் அதைச் செய்துவிட்டார். ஓவியங்களில் தன்னிடம் இருந்த ஏறக்குறைய நூறை 1950இல் தான் வாழ்ந்த சவானா நகரின் டெல்ஃபேர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அமெரிக்காவில் பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஜிப்ரான் ஓவியத் தொகுப்புகளில் அதுதான் பெரியது. தாளை நூலகத்துக்கும் ஓவியத்தை அருங்காட்சியகத்துக்கும் பிரித்துக் கொடுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நூலகத்தில் கான்வாஸைப் பராமரிக்க ஆள் இருக்காது, அருங்காட்சியகத்தில் கடிதங்களைப் படித்து அட்டவணை போட ஆள் இருக்காது.

பாதுகாப்பில் இந்த வழிக்கு நிகரில்லை. வெப்பமும் ஈரப்பதமும் ஒரே அளவில் இருக்கும், ஆள் மாறினாலும் நிறுவனம் நிற்கும். ஆனால் பெட்டி உள்ளே போனதும் உலகம் வந்து படிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அட்டவணை போட வருஷக்கணக்கில் ஆகும், தமிழ் தெரிந்த ஊழியர் இல்லாவிட்டால் இன்னும் இழுக்கும். அட்டவணையும் பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் இருக்கும். கவிஞரின் பெயரை அவர் கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் புத்தகத்தில் ஒரு விதமாகவும் எழுதியிருப்பார், நூலகம் தன் விதிப்படி மூன்றாவதாக ஒன்று எழுதும். தமிழில் தேடுபவருக்கு எதுவும் கிடைக்காது. தமிழ் எழுத்திலும் பெயரையும் தலைப்புகளையும் சேர்க்கும்படி கொடுக்கும்போதே கேளுங்கள், பட்டியலை நீங்களே தட்டச்சு செய்து கொடுங்கள்.

நான் உடனிருந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். ஒரு நிறுவனத்துக்கு 11 பெட்டிகள் கொடுத்தோம். வாங்கியவர் அன்பாகப் பேசினார், காப்பி கொடுத்தார், ரசீது மட்டும் கொடுக்கவில்லை. எங்களுக்கும் கேட்கக் கூச்சம். இரண்டு வருஷத்தில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். 11இல் 7 பெட்டிகள்தான் அங்கே இருந்தன. மற்றவை ‘தேவையற்ற பிரதிகள்’ என்று கழிக்கப்பட்டிருக்கலாம் என்றார்கள். அந்த நாலில் ஒன்றில் கவிஞருடைய முதல் ஓவியக் குறிப்பேடு இருந்தது. இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

ஆகவே கொடைப் பத்திரம் இல்லாமல் ஒரு தாளும் கைமாறக் கூடாது. அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். வேண்டாததைத் தூக்கிப்போடாமல் திருப்பித் தர வேண்டும். பதிப்புரிமை குடும்பத்திடமே இருக்க வேண்டும், படிக்கவும் படியெடுக்கவும் அனுமதி கொடுத்தால் போதும். உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய கடிதங்கள் இத்தனை வருஷம் மூடியிருக்கும் என்று எழுத வேண்டும். 25 வருஷம் கேட்டாலும் நல்ல காப்பகம் முகம் சுளிக்காது.

பிறந்த ஊருக்கு அனுப்புவது

மனம் முதலில் ஓடுவது இங்கேதான். ஜிப்ரானின் மனமும் அப்படித்தான் ஓடியது. 1930இல் எழுதிய உயிலில், ஸ்டுடியோவில் உள்ள அனைத்தையும் மேரிக்குக் கொடுத்தார், அவருக்குச் சரியென்று பட்டால் ஊருக்கு அனுப்பட்டும் என்று வேண்டினார். மேரி பெரும்பகுதியை அனுப்பினார். ஜிப்ரானின் உடல் அதே 1931 ஆகஸ்டில் கப்பலில் பெய்ரூட் போய்ச் சேர்ந்தது. தங்கை மரியானா வாங்கிய மார் சர்கிஸ் என்ற பழைய மடத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்த மடம்தான் பிறகு அருங்காட்சியகம் ஆனது, 1975இல் அதைச் சீரமைத்து விரிவாக்கினார்கள். 440 மூல ஓவியங்களும் அவருடைய நூல்களும் மேசை நாற்காலிகளும் அங்கே இருக்கின்றன. நியூயார்க்கில் அவர் ஏறத்தாழ 20 ஆண்டு வாழ்ந்த ஸ்டுடியோக் கட்டடம் 1956இல் இடிபட்டுப்போனது. குடியேறிய நகரம் மறந்த அறையை, பிறந்த ஊர் பாறைக்குள் குடைந்த மடத்தில் காத்து வைத்திருக்கிறது.

அதே உயிலில் இன்னொரு வரியும் இருந்தது. நூல்களின் உரிமைத்தொகை தன் ஊருக்குச் சேர வேண்டும் என்பது அது. ‘ஊர்’ என்றால் யார்? யார் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்குவது, எதற்குச் செலவழிப்பது? உயிலில் அதற்குப் பதில் இல்லை. ‘தீர்க்கதரிசி’ பெருவாரியாக விற்கத் தொடங்கியதும் பணம் கொட்டியது. அதைப் பங்கிடுவதில் ஊருக்குள் பகை மூண்டது. அமெரிக்காவில் உரிமையைப் புதுப்பிக்கும் காலம் வந்தபோது, உரிமை தனக்கா ஊரின் பெயரில் இயங்கிய குழுவுக்கா என்று மரியானா நீதிமன்றம் போனார். 1958இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குழுவின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு உதவிய வக்கீலின் கட்டணம் பற்றி 1967 வரை தனி வழக்கு நடந்தது. அண்ணனின் எலும்பை ஊரில் சேர்ப்பதற்காக மடத்தையே வாங்கிய தங்கை, அதே ஊரோடு வழக்காட நேர்ந்தது. உயிலில் ஊரின் பெயருக்குப் பக்கத்தில் யார், எப்படி என்று இரண்டு வரி இருந்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

கட்டடம் எழுப்பவும் திறப்பு விழா நடத்தவும் பணம் சேர்ந்துவிடும். மூன்றாம் வருஷம் அங்கே உட்காரும் ஊழியருக்குச் சம்பளம் யார் தருவது என்பதுதான் கேள்வி. அனுப்பும் செலவு, சுங்கம், வழியில் சேதமானால் காப்பீடு எல்லாம் தனி. அரசியலும் உண்டு. பிஷரியில் அருங்காட்சியகத்தை விரிவாக்கிய அதே 1975இல்தான் லெபனானில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. அது தப்பியது. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் தப்பவில்லை. ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் போயின. ஊருக்கு அனுப்பக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. படியெடுக்காமல் அனுப்பக் கூடாது.

இதற்கு நம்மிடமே நல்ல முன்மாதிரி இருக்கிறது. கோட்டையூரில் விளம்பரப் பலகை ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, வாழ்நாள் முழுவதும் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்தார். அவர் 1992இல் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. வாங்கியும் அமெரிக்காவுக்கு எடுத்துப்போகவில்லை. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அது உருவானது. மூலம் மண்ணில் இருந்தது, நுண்படச் சுருள்கள் கடல் கடந்தன.

இணையத்தில் திறந்து வைப்பது

வாசகர்களுக்கு இதைவிட நெருக்கமான வழி கிடையாது. டொராண்டோவிலும் கிளிநொச்சியிலும் மதுரையிலும் ஒரே நேரத்தில் படிக்கலாம். கவிதைகளுக்கு இது மிகவும் பொருந்தும், கான்வாஸுக்கு ஓரளவுதான். ஓவியத்தின் முன் நின்று தூரிகைத் தடத்தைப் பார்ப்பதற்கு ஈடாகத் திரை வராது.

செலவு மறைந்திருக்கும் இடங்கள் மூன்று. முதலாவது சேமிப்பு. ஏ4 தாள் ஒன்றை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) வண்ணத்தில் ஸ்கேன் செய்து சுருக்காமல் டிஃப் கோப்பாக வைத்தால் 100 எம்பி ஆகும். ஆயிரம் தாள் என்றால் 100 ஜிபி. மூன்று படிகள் வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். வன்தட்டுகளைச் சில வருஷத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். இரண்டாவது, சொந்த வலைத்தளம். மகனின் கடன் அட்டை காலாவதியாகிக் கட்டணம் நின்றால் தளப்பெயரும் போய்விடும். தனித்தளம் அழகுக்காக இருக்கட்டும், ஆனால் மூலக் கோப்புகளை இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பொது வைப்பிலும் ஏற்றுங்கள். இலங்கைத் தமிழ் எழுத்தாளர் என்றால் 2005 முதல் இயங்கிவரும் நூலகம் நிறுவனத்தின் மின்னூலகம் இருக்கிறது. தமிழில் தேடித் தமிழில் கண்டெடுக்க முடிகிற இடம் அது.

மூன்றாவதுதான் பெரிது: எழுத்துரு. தொண்ணூறுகளில் வெளிநாட்டில் இருந்தவர்கள் பாமினியிலும் அதுபோன்ற பிற எழுத்துருக்களிலும்தான் தட்டச்சு செய்தார்கள். அந்தக் கோப்பை இன்றைய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். இன்றைய கணினிகள் எல்லாம் படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றியபின் ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும். கையெழுத்துப் பிரதிகளை மென்பொருள் இன்னும் நம்பகமாகப் படிப்பதில்லை. அவருடைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த நண்பர்களுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. அவர்களுடைய நேரம்தான் இதில் விலைமதிப்பில்லாத செலவு.

இணையத்தில் ஏற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். ஏற்றும் அன்றே எந்த உரிமத்தில் என்று எழுதுங்கள். ‘தீர்க்கதரிசி’ 2019 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பொதுச்சொத்து, இனி யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. உங்கள் கவிஞருக்கு அந்த நாள் வர எழுபது வருஷம் காத்திருக்க வேண்டாம் என்றால், குடும்பமே முன்வந்து இலவச உரிமம் கொடுக்கலாம்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | பாதுகாப்பு | யார் பார்க்கலாம் | மறைந்த செலவு | திரும்ப வாங்க |
|---|---|---|---|---|
| வீடு | குறைவு | அழைத்தவர் மட்டும் | கிடங்கு வாடகை, உடன்பிறந்தோர் சண்டை | கேள்வியே இல்லை |
| காப்பகம், அருங்காட்சியகம் | மிக நல்லது | நேரில் வரும் ஆய்வாளர், பார்வையாளர் | காத்திருப்பு, தமிழில் தேட முடியாமை | பத்திரத்தைப் பொறுத்தது |
| பிறந்த ஊர் | ஆளைப் பொறுத்தது | ஊராரும் பயணிகளும் | சம்பளம், சுங்கம், உள்ளூர்ப் பூசல் | கடினம் |
| இணையம் | படிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது | எல்லோரும் | தட்டச்சு, சரிபார்ப்பு, புதுப்பித்தல் | முடியாது |

எந்த நிலையில் எது

கடிதங்கள் நிறைய, ஓவியம் குறைவு, பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்றால் தயங்காமல் காப்பகத்துக்குப் போங்கள். அடுத்த தலைமுறை அந்தப் பெட்டிகளைத் திறக்கும் என்று நம்பி வைத்திருப்பது கடிதங்களுக்குச் செய்யும் நல்லது ஆகாது. ஊரில் ஏற்கெனவே இயங்கும் நூலகமோ கல்லூரியோ, சம்பளம் வாங்கும் ஒரு நூலகரோடு இருந்தால், ஓவியங்களில் ஒரு பகுதியும் மேசையும் பேனாவும் அங்கே போகட்டும். புதிதாக நினைவில்லம் கட்டித்தான் வைக்க வேண்டும் என்றால் அவசரப்படாதீர்கள். புத்தகங்கள் அச்சில் இல்லாத கவிஞருக்கு முதல் தேவை இணையம்தான். வாசகர் கையில் கவிதை இல்லாமல் அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கண்ணாடிப் பேழையில் வைத்து என்ன பயன்?

இப்போது என்னிடம் யாராவது கேட்டால் நான் சொல்லும் வரிசை இது. முதலில் பட்டியல், பெட்டிவாரியாக, ஒரு நோட்டில். பிறகு எல்லாவற்றுக்கும் படி. உரிமைக்குப் பொறுப்பாக ஒருவர் பெயர், அவருக்குப் பின் யார் என்று இன்னொரு பெயர், எழுத்தில். அதற்கப்புறம்தான் மூலங்களைப் பிரித்துக் கொடுப்பது: கவிதைகள் இணையத்தில், கடிதங்கள் காப்பகத்தில், ஓவியங்கள் இரண்டு நாட்டிலும். கவிஞர் உயிரோடு இருந்தால் இந்த வேலையை அவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள், உயிலில் பெயர்களைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

பட்டியல் போடும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அது அந்தக் கேசட். தாள் இன்னும் பத்து வருஷம் பொறுக்கும். காந்த நாடா பொறுக்காது, அதை ஓட்டும் கருவிகளும் குறைந்துகொண்டே வருகின்றன. பரணில் கிடக்கும் பழைய டேப் ரெக்கார்டரில் போட்டுப் பார்க்காதீர்கள், சிக்கி அறுந்தால் வேறு படி இல்லை. ஒலிநாடா மாற்றித் தரும் ஆளிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், சுருக்காத வேவ் கோப்பாக வாங்குங்கள், நாடாவையும் மறக்காமல் திரும்ப வாங்குங்கள்.